கோழிவீடு ஊருக்குள் வந்தது

நோர்டால், கான்சஸ்
1978 அக்டோபர் 16, திங்கள்கிழமை

அன்பு மகள் மார்கிட்டுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது கால் மட்டும் இன்னும் மாவுக்கட்டுக்குள்ளேயே இருக்கிறது, அங்கே நீ சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. அலாஸ்காவில் இப்போதே முழங்கால் அளவு பனி என்று எழுதியிருந்தாய், படித்ததிலிருந்து எனக்கு இங்கே கால் சில்லிட்டுப்போய்க் கிடக்கிறது. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும், நம் ஊர் ஸ்வீடிஷ் விழா முடியட்டும் என்று வைத்திருந்தேன், வைத்திருந்ததும் நல்லதாய்ப் போயிற்று. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த வலி இன்னும் விரல்களில் இருக்கிறது. மார்கிட், சனிக்கிழமை உன் அம்மா ஒரு வீட்டை ஓட்டினாள். சரியாகத்தான் படித்திருக்கிறாய். முதலிலிருந்து ஒழுங்காகச் சொல், இல்லாவிட்டால் உனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும் என்று அப்பா பக்கத்திலிருந்து சொல்கிறார், அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

நம் கிழக்கு வயலுக்கு அப்பால், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிக்ஃப்ரிட் எங்ஸ்ட்ரோமை, நம் சிக்கை, மறந்திருக்க மாட்டாய், சின்ன வயதில் கூடையைத் தூக்கிக்கொண்டு முட்டை வாங்க அவர் வீட்டுக்குத்தானே ஓடுவாய். அவர் கொட்டகைக்குப் பின்னால் கோழி அடைக்கிற அந்தப் பழைய மரவீடு இருக்கிறதே, முழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது, அதுதான் ஸ்வீடனிலிருந்து நம் ஆட்கள் வந்து இறங்கியதும் இந்த ஊரில் கட்டிய முதல் வீடு. முதல் குளிர்காலத்தை மூன்று குடும்பங்கள் அதற்குள்ளேதான் கழித்தன. விழாக் குழுவினர் எத்தனையோ வருடங்களாக அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள், சிக் கொடுக்க மாட்டேன் என்றே இருந்தார். காரணம் உனக்குத் தெரியாது, நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். அவர் மனைவி ஹுல்டாவை அடக்கம் செய்த அன்று, அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து காபி குடிக்க சர்ச் மண்டபத்தைக் கேட்டார், அன்றைக்கு மண்டபத்தில் விழாவுக்கான தோரணங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள், எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காபி குடித்தோம். அன்று வீட்டுக்குப் போனவர்தான், அதன்பிறகு சிக் நோர்டாலுக்குள் கால் வைக்கவில்லை. சாமான் வாங்கக்கூட இருபது மைல் சுற்றி அடுத்த ஊருக்குப் போவார். விழாக் குழுவுக்கு அப்போதும் இப்போதும் தலைவர் எடித் வால், உனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அதே எடித் டீச்சர்தான்.

இந்த ஜூலையில் அப்பா வைக்கோல் வாங்கப் போனபோது சிக் தானாகவே பேச்சை எடுத்திருக்கிறார். தனக்குப் பிறகு டென்வரில் இருக்கும் தம்பி மகன் நிலத்தை விற்றுவிடுவான், வாங்குகிறவன் அந்த வீட்டை ஒரு தீக்குச்சியில் முடித்துவிடுவான், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் நான் ஊருக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எடித் டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செப்டம்பரில் ஓடை காய்ந்து கிடக்கும், அதன் வழியாகவே டிரெய்லரில் இழுத்துக்கொண்டு வந்து பூங்காவில் நிறுத்திவிடலாம், ஸ்வீடனிலிருந்து விருந்தாளிகள் வேறு வருகிறார்கள் என்று ஒரே பரபரப்பு. வீடு பெயர்க்கிறவர் ஒருவரைச் சலீனாவிலிருந்து வரவழைத்தார்கள், ரே டூலி என்று பெயர், நல்ல பருமன், எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்றுதான் சொல்வார். அவர் வந்து பார்த்தால் வீட்டின் மூலையில் ஒரு பழுப்புக் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. குஞ்சு பொரித்து அது தானாக எழுந்திருக்கிற வரைக்கும் வீட்டை அசைக்கக் கூடாது என்றார் சிக். எடித் டீச்சர் கோழியை நானே விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார், அப்பா முட்டைகளைப் பெட்டியோடு மாற்றி வைக்கலாம் என்றார், ஒன்றும் நடக்கவில்லை. அது ஹுல்டா வளர்த்த கோழிகளின் வம்சம், அதை யாரும் தொடக் கூடாது என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். கோழி எழுந்தது, மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். நமக்குக் கோதுமை விதைத்த பிறகு பெய்ததால் நல்லது, வீட்டுக்குத்தான் ஆபத்து. வெள்ளிக்கிழமைதான் வெயில் வந்தது, ரே டூலிக்கும் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை, அன்றுதான் விழா.

ஆகவே பத்து மணிக்கு ஊர்வலம், அதற்கு முன்னால் வீடு போகும் என்று முடிவானது. நாங்கள் நம் கோதுமை லாரியில் பலகைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே சிக் வீட்டுக்குப் போய்விட்டோம். ஊர்வலத்துக்கு நேராகப் போக வேண்டுமே என்று நான் சிவப்புப் பாவாடை, கோடு போட்ட ஏப்ரன், கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி எல்லாம் அணிந்துகொண்டே ஓட்டினேன். அப்பாவுக்கு மஞ்சள் முழங்கால்சட்டையை ஒரு காலில் மாட்டி, இன்னொரு பக்கத்தை மாவுக்கட்டுக்காகக் கிழித்து ஊக்குக் குத்தியிருந்தேன். வீட்டை டிரெய்லரில் ஏற்றியது ஒரு தொந்தரவும் இல்லாமல் முடிந்தது. பழைய இரும்புப் பாலத்துக்கு வந்ததும் ரே இறங்கி நடந்து பார்த்தார், பலகையை உதைத்துப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வீடு மட்டும் தனியாகப் போனால் பாலம் தாங்கும், அதை இழுக்கிற என் பெரிய லாரியும் சேர்ந்து ஏறினால் தாங்காது, முடியாது என்றார். வேறு வழியே இல்லையா என்று கேட்டதற்கு, இதைவிட எடை குறைந்த லாரி ஒன்று முதலில் அந்தக் கரைக்குப் போய், அங்கிருந்து நீளமான இரும்பு வடத்தால் வீட்டை இழுத்தால் ஒருவேளை வரும் என்றார். சொல்லிவிட்டு நம் லாரியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நம் லாரியின் க்ளட்சைத்தான் உனக்குத் தெரியுமே, அப்பாவையும் என்னையும் தவிர யார் மிதித்தாலும் குதிரை மாதிரித் துள்ளும். அப்பாவின் கால் மாவுக்கட்டுக்குள். இந்த அறுவடை முழுக்க நான்தான் ஓட்டினேன். நான் தொப்பியின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன், யோசித்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

அதற்குள் வீடு பாலத்தருகே நின்றுவிட்டது என்கிற செய்தி ஊருக்குப் போய், ஊர்வலத்துக்காகக் கடைத்தெருவில் நின்றவர்கள் எல்லோரும் அப்படியே அலங்காரத்தோடு நடந்து வந்துவிட்டார்கள். வயல் வரப்பெல்லாம் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய், பிடில்காரர்கள், நடனக்காரர்கள், பாடகர் குழு, ஸ்வீடன் விருந்தாளிகள், எல்லோரும் சேற்றில். நீ பார்த்திருக்க வேண்டும் மார்கிட், வெள்ளிக் கொக்கி வைத்த காலணியெல்லாம் கணுக்கால் வரை சேறு. நடனக்கார ஆண்கள் வீட்டின் பின்பக்கம் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், இந்தப் பக்கத்துச் சரிவில் அது தானாக உருண்டு ஓடிவிடாமல் இருக்க. ரேயும் இரும்புப் பட்டறை வெர்னரும் டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பிடித்துத் திருப்புவது என்று ஏற்பாடு. நான் அந்தக் கரைக்குப் போய் வடத்தை மாட்டி இழுத்தால் லாரிச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, ஈர மண். பின்னால் பாரம் வேண்டும் என்று ரே கத்தினார். கல்லைத் தேட நேரமில்லை. பாடகர் குழுப் பெண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், எடித் டீச்சர்தான் முதலில் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினார். என் எடை என்ன என்று யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பதினைந்து இருபது பேர் ஏறி உட்கார்ந்ததும் லாரி ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது, சக்கரம் பிடித்துக்கொண்டது.

வீடு அசைந்தது. எனக்கு அது தெரியவில்லை, கண்ணாடியில் அப்பா மட்டும்தான் தெரிந்தார், ஊன்றுகோலை உயர்த்தி உயர்த்தி வா வா என்று காட்டிக்கொண்டிருந்தார். வடம் மட்டும் ஒரு சத்தம் போட்டது, பிடிலில் தடித்த கம்பியை மெல்லத் தடவுகிற மாதிரி. நடுப்பாலம் வரைக்கும் வந்திருக்கும், பின்னால் மடார் என்று ஒரு ஓசை. க்ளட்சை மிதித்து பிரேக்கையும் அழுத்திவிட்டேன். வலது பின்சக்கரம் பலகையை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டது, வீடு தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று ஆட்கள் ஓடி வந்து சொன்னார்கள். பிறகு ரே சொன்னார், வடத்தை வெட்டிவிடுவோம், வீடு போனால் போகட்டும், அது விழுந்தால் லாரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், பின்னால் இத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அவர் சொன்னது நியாயம்தான், அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் பிரேக்கை இன்னும் அழுத்தினேன். அப்போது சிக் பாலத்தைக் கடந்து என் ஜன்னலுக்கு வந்துவிட்டார். எப்போதும் போடுகிற அந்த நீல வேலைக்காரச் சட்டைதான், கையில் மூடி போட்ட ஒரு கூடை, உள்ளே அந்தப் பழுப்புக் கோழியும் குஞ்சுகளும். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வென்ட்லா, நிப்பாட்டி வைக்காத பொண்ணே. நிப்பாட்டினா அது அங்கயே அடை உக்காந்துக்கும்."

நான் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பின்பக்கம் போய், பெண்களை இறங்கச் சொன்னேன். ஒருத்தி இறங்க எழுந்தாள். எடித் டீச்சர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நாங்க இறங்கினா உன் சக்கரம் சும்மா சுத்தும், அவரு வீடு தண்ணிக்குள்ள போகும். பயப்படுறவ இறங்கிக்கலாம். நான் இறங்கலை. நீ போய் ஓட்டு."

இரண்டு பேர் இறங்கினார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஒருத்திக்குக் கைப்பிள்ளை இருக்கிறது. மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் கயிறு பிடித்த ஆண்கள் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும், அதை என் கண்ணால் பார்க்காமல் க்ளட்சை விட மாட்டேன் என்று ரேயிடம் சொன்னேன். விலகினார்கள். முன்கம்பியில் வெர்னரை அனுப்பிவிட்டு ரே தான் மட்டும் நின்றார், முடியாது முடியாது என்று சொன்ன அதே மனிதர். மறுபடி ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் வண்டி ஓட்டும்போது பிரேக், கியர், இடது, வலது என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. அன்றைக்கு ஊன்றுகோலைத் தாழ்த்திவிட்டு, உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினார். உன் இஷ்டம் என்று. மார்கிட், அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் இருந்தது, ஆனால் கால் தானாகவே க்ளட்சுக்குப் போய்விட்டது.

மிகச் சின்னக் கியரில் போட்டு, க்ளட்சை ஒரு முடியளவு ஒரு முடியளவாக விட்டேன். கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. லாரி முன்னங்காலைத் தூக்கப் பார்க்கிற குதிரை மாதிரி மூக்கை நிமிர்த்தியது. பின்னால் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன், அப்பா அது பாட்டு இல்லை, அலறல் என்கிறார். வடம் இறுகி இறுகி, ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த நொடி முதுகில் யாரோ பிடித்துத் தள்ளினது போல லாரி முன்னால் பாய்ந்தது. சக்கரம் உடைந்த பலகையிலிருந்து ஏறிவிட்டது. நான் நிறுத்தவேயில்லை, வளைவு வரைக்கும் இழுத்துக்கொண்டே போனேன், போதும் போதும் நில் என்று ஆட்கள் பக்கத்தில் ஓடி வந்து தட்டிய பிறகுதான் நிறுத்தினேன். இறங்கிப் பார்க்கிறேன், கரையில், வெயிலில், வீடு நேராக நிற்கிறது. ஒரு மரத்தடிகூட நகரவில்லை. கூரையிலிருந்து பழைய கோழி இறகுகள் மட்டும் பறந்துகொண்டிருந்தன. ஸ்வீடனிலிருந்து வந்த அம்மாள், எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி வீடு எத்தனையோ இருக்கிறது, நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஆனால் பாடகர் குழுவை வைத்து ஒரு வீட்டை இழுப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் ஊர்வலம் நடந்தது, இரண்டு மணி நேரத்துக்குமேல் தாமதமாக. நானும் லாரியும் முன்னால், வீடு நடுவில், சேறும் சகதியுமாய் ஊர் முழுக்கப் பின்னால், பிடில்காரர்கள் விடாமல் வாசித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. சிக் கூடையோடு வீட்டுக்குப் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தார். ஊர்ப் பெயர்ப்பலகை வந்ததும் நின்றுவிட்டார். வீடு போகிறது, ஆட்கள் அவரைத் தாண்டிப் போகிறார்கள், அவர் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். லாரியின் பின்னாலிருந்து எடித் டீச்சர் பார்த்துவிட்டார், என்னை நிறுத்தச் சொல்லித் தட்டினார், இறங்கித் திரும்பி நடந்தார். நானும் இறங்கி வீட்டின் ஓரமாகப் பின்னால் போய் நின்றேன், ஒட்டுக்கேட்பது தப்புதான், இருந்தாலும் கேட்டேன்.

"சிக், ஹுல்டா அடக்கத்தன்னைக்கு மண்டபத்தை நாங்க காலி பண்ணிக் குடுத்திருக்கணும். மத்தவங்க சரின்னுதான் சொன்னாங்க. நான்தான் மாட்டேன்னேன்."

சிக் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். டீச்சரின் சேறு படிந்த காலணிகளைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காபி எங்க?"

"மண்டபத்துலதான்."

"சரி, அங்க வர்றேன்," என்றார்.

வந்தார். உள்ளே நுழைந்து நடு மேஜையில் உட்கார்ந்தார், கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டார். உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்த சாசேஜ் எல்லாம் அடுப்பிலேயே கிடந்து வெடித்துப்போயிருந்தது, ஒருத்தரும் கவலைப்படவில்லை. நான் செய்து வைத்திருந்த பால்கட்டிக் கேக்கில் சிக் மூன்று துண்டு சாப்பிட்டார், அதில் பாதாம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று குறையும் சொன்னார். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. சாயங்காலம் நடனம் நடந்தது. அப்பா ஒற்றைக்காலில் என்னோடு ஒரு சுற்று ஆடுகிறேன் என்று அடம்பிடித்தார், நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தேன்.

இன்று காலை நான் பூங்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டைக் கல் அடித்தளத்தில் இறக்கிவிட்டார்கள். நேற்று சர்ச் முடிந்ததும் சிக் அங்கே வந்திருக்கிறார், வாசலில் நட்டு வைத்திருந்த அறிவிப்புப் பலகையைப் படித்திருக்கிறார். 1869இல் கட்டியது, நோர்டாலின் முதல் வீடு, மூன்று குடும்பங்கள் ஒரு குளிர்காலத்தை இங்கே கழித்தன, அவ்வளவுதான் அதில் இருந்தது. எல்லாம் சரிதான், ஆனால் இதைப் படித்தால் அந்த மூன்று குடும்பமும் வெளியே போனதும் வீடு ஆகாயத்தில் பறந்துபோய் இன்றைக்குத்தான் இறங்கிவந்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டாராம். எடித் டீச்சர் பலகையைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இன்று காலை அது மறுபடி வாசலில் நிற்கிறது, கீழே புதுச் சாயத்தில் இன்னொரு வரி, ஈரம் காயவில்லை. பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஹுல்டா எங்ஸ்ட்ரோமின் கோழிகள் இங்கே வாழ்ந்தன, என்று எழுதியிருக்கிறது. ஊரின் பெரிய மனிதர்கள் பெயர் எழுதுகிற அதே தங்கநிற எழுத்து. சிக் அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை, நானும் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

வேறு செய்தி என்றால், ரூத் அத்தைக்குப் பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டார்கள், நலமாக இருக்கிறாள், உன் கடிதம் வரவில்லை என்று மூக்கைச் சிந்துகிறாள், ஒரு வரியாவது போடு. அப்பாவுக்கு அடுத்த வாரம் கட்டுப் பிரிப்பார்கள். நீ அந்தப் பனிவண்டியில் தனியாக அடுத்த கிராமத்துக்குப் போய்ப் பாடம் நடத்தப் போகிறேன் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இத்தனை பக்கம் எழுதிவிட்டு அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போய் வா. யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள், காதை மூடிக்கொள், நான் பின்னி அனுப்பிய இரண்டு காலுறைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடு. உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ போகிற இடமெல்லாம் உனக்கு ஒரு சூடான அடுப்பும் பேச ஒரு ஆளும் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வர முடியுமா முடியாதா என்பதை நவம்பர் முடிவதற்குள் எழுது, ரொட்டிக்கு மாவு வாங்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
வென்ட்லா

பி.கு. லாரியின் க்ளட்ச் முழுவதும் கருகிப்போய்விட்டது, புதிது போட வேண்டும், அதை மட்டும் நீ எழுதியிருக்க மாட்டாய் என்று அப்பா என்னிடம் சொல்கிறார். எழுதிவிட்டேன்.